உங்களுக்குத் தெரியுமா? இறக்கையைத் திருப்பும் சர்வோ மோட்டார்

செங்கோட்டைக் கணவாய்க் காற்றில் தென்காசி, சுரண்டை வட்டாரத்தில் சுழலும் நவீன காற்றாலைகள் பலவற்றில் ஒவ்வொரு இறக்கைக்கும் தனி சர்வோ மோட்டார் உண்டு. கரண்ட் போனாலும் அது செயலிழக்காது! பேட்டரியில் ஓடி, இறக்கையைச் சுமார் 90 டிகிரிக்குத் திருப்பி, காற்றாலையை நிறுத்திவிடும்.

• பேட்டரி சோர்ந்தால் ஆபத்து. குற்றால சீசனான ஜூன்–ஆகஸ்டில்தான் இங்கே காற்றும் பலம். பேட்டரி சோதனையை அதற்கு முன்பே முடித்தாக வேண்டும்.

• அலாரம் அடித்ததும் மோட்டாரைக் கழற்றாதீர்கள். கோணத்தைச் சொல்லும் என்கோடர், அதன் கேபிள், சுழலும் தலைப்பகுதிக்கு மின்சாரம் கடத்தும் ஸ்லிப் ரிங்கில் படிந்த தூசி, இவற்றையே முதலில் பார்க்க வேண்டும்.

• மோட்டார் அளவுக்கு மீறிச் சூடானால், முழுதாக விடுபடாத பிரேக்கும் கிரீஸ் வறண்ட பேரிங்கும் காரணமாகலாம்.

• மெயின் சுவிட்சை அணைத்தபின்பும் பேட்டரியில் மின்சாரம் இருக்கும். அதையும் துண்டித்த பிறகே கை வைக்கலாம்.