மனை வாங்கப் போறீங்களா? மண்ணைப் பிசைஞ்சு பாருங்க!

சின்ன வயசில் மண்ணைத் தின்றிருக்கிறேன். பி.காம். பரீட்சையில் ஒருமுறை மண்ணைக் கவ்வியும் இருக்கிறேன். மண்ணைப் பற்றி இதற்குமேல் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்றுதான் இருந்தேன், ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே மூணு சென்ட் மனை பார்க்கப் போகும் வரை!

"எதிரே மலை. காத்து சும்மா பிச்சுக்கிட்டுப் போகும் சார்!" என்றார் புரோக்கர். நான் மலையைப் பார்த்தேன். கூட வந்த மாமா தரையைப் பார்த்தார். கையை விட்டால் உள்ளே போகிற அளவுக்கு வெடிப்பு.

"மாப்ளே, அந்தத் தண்ணி பாட்டிலைக் கொடு."

குடிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். மனிதர் ஒரு பிடி மண்ணை அள்ளி, தண்ணீர் தெளித்து, பரோட்டா மாஸ்டர் மாதிரி பிசைய ஆரம்பித்துவிட்டார்! விரல்களுக்கு நடுவே வைத்துத் தள்ளினால் ரிப்பன் போல நீண்டு வந்தது. "களி ஜாஸ்தி" என்று தீர்ப்பு வேறு.

மண் இயலில் இதற்குப் பெயர் 'மண் நயம்' பார்ப்பது. 2 மில்லிமீட்டர் முதல் 0.02 வரை உள்ள துகள் மணல், நறநறக்கும். அதற்குக் கீழே 0.002 வரை வண்டல். மாவு மாதிரி வழுவழுக்கும். அதைவிடப் பொடிசு களி. ஒட்டும், ரிப்பன் விடும்.

இந்தப் பக்கம் மலையடிவாரத்தில் செவல் உண்டு. மழை பெய்தால் தண்ணீர் சட்டென்று இறங்கிவிடும். கிழக்கே சிவகாசி, சாத்தூர் போகப் போகக் கரிசல். கரிசலில் மான்ட்மோரில்லோனைட் என்று ஒரு களிக் கனிமம், தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும். அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் உப்பும். வெயில் வந்தால்? ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாச் சட்டியில் பால் சுண்டுகிற கதைதான். சுருங்கி, வெடித்துவிடும்.

விவசாயிக்கு இது பொக்கிஷம். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மானாவாரியிலேயே பருத்தி விளையும். மேல்மண் வெடிப்புக்குள் விழுந்து புரள்வதால், தன்னைத்தானே உழுதுகொள்ளும் மண் என்றே பெயர். ஆனால் வீடு கட்டினால் ஒரு மூலை தூக்கும், இன்னொரு மூலை இறங்கும். என் ஆபீஸ் நண்பர் ஒருவர் வீட்டுச் சுவர் விரிசலில் கரண்ட் பில்லையே செருகி வைக்கலாம். லோன் இன்னும் 14 வருஷம் பாக்கி!

நான் பயந்துபோய் விசாரித்ததில் ஒரு சோதனை கிடைத்தது. ஐ.எஸ். 2720, 40-ம் பகுதியில் இருக்கிறது. சலித்த காய்ந்த மண் 10 கிராம் தண்ணீரில், இன்னொரு 10 கிராம் மண்ணெண்ணெயில். 24 மணி நேரம் விட்டு அளக்க வேண்டும். மண்ணெண்ணெயில் களி உப்பாது. (மண்ணெண்ணெய்க்கு அலைந்த கதை தனிக் கட்டுரை!) நம்ம மண் அதில் 10 மில்லி நின்றது, தண்ணீரில் 17. அதாவது 70 சதவீத உப்பல். 50-ஐத் தாண்டினாலே உஷாராக வேண்டுமாம்.

வழி இல்லாமல் இல்லை. அடியில் குமிழ் மாதிரி பருத்த பைல் அஸ்திவாரம், ஈரம் ஏறி இறங்காத ஆழத்தில், சுமார் மூன்றரை மீட்டரில் போய் உட்காரும். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டிட ஆராய்ச்சி நிலையம் கரிசலுக்கென்றே உருவாக்கியது. செலவுதான் கூடும். "அந்தச் செலவை விலையில குறைப்பீங்களா?" என்று புரோக்கருக்குப் போன் போட்டேன்.

"என்ன சார், எல்லாரும் வாஸ்துதான பார்ப்பாங்க? நீங்க மண்ணையெல்லாம் பார்க்கறீங்க!" என்றார். அட்வான்ஸ் என் பையிலேயே இருக்கிறது. அடுத்த ஞாயிறு மலைப்பக்கம் ஒரு செவல் மனை. தண்ணி பாட்டில் ரெண்டாக எடுத்து வரச் சொல்லியிருக்கிறார் மாமா.