ஆற்றிலே போட்டு வேரிலே தேடலாமா?

விருத்தாசலத்துக்குப் பழைய பெயர் திருமுதுகுன்றம். அங்கே சுந்தரமூர்த்தி நாயனார் 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் போய் எடுத்துக் கொண்டார் என்பது புராணம். ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவதைப் பற்றி நாம் பேச்சுவாக்கில் சொல்கிறோமே, அந்தக் கதைதான்.

சுந்தரருக்குக் கிடைத்துவிட்டது. நமக்குக் கிடைக்கிறதா? மாலை வேளையில் வாளியும் சொம்புமாக மொட்டை மாடிக்கு ஏறும் அம்மணிகளைக் கேட்டுப் பாருங்கள். கத்தரிச் செடிக்கென்று ஊற்றிய தண்ணீர், பூந்தொட்டியின் அடித் துவாரத்தால் இறங்கித் தளத்தில் பரவி, கீழ் வீட்டுக்காரரின் சுவரில் ஈரமாகத் தலைகாட்டுகிறது. அவரும் நம் வீட்டு வாசலில் தலைகாட்டுகிறார். மறுநாள் நடுப்பகலிலோ செடி வாடித் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது!

இந்த அவஸ்தைக்கு மருந்து சொட்டு நீர்க் குழாய். இது ஒன்றும் தேவரகசியம் அல்ல. 1930களில் இஸ்ரேல் நாட்டுப் பக்கம் சிம்கா பிளாஸ் என்ற நீர்ப் பொறியாளர் ஒரு மரத்தைக் கண்டார். சுற்றிலும் உள்ள மரங்கள் குட்டையாக இருக்க, அது மட்டும் ஓங்கி வளர்ந்திருந்தது. பக்கத்துக் குழாயிலிருந்து ஓயாமல் கசிந்த சொட்டுத்தான் காரணம். அந்தக் கசிவையே அவர் ஒரு சாதனமாக்க, 1965-ல் ஹட்ஸெரிம் என்ற கூட்டுப் பண்ணையில் அதைச் செய்து விற்கும் கம்பெனியும் தோன்றியது. இன்று நம் ஊர் விவசாய சாமான் கடைகளிலும் அந்தக் கறுப்புக் குழாய் சுருள் சுருளாகத் தொங்குகிறது.

ஆனால் ஒன்று. "ஒரு செட் கொடுங்கள்" என்று வாங்கி வந்து, ஆசையோடு மாட்டி, ஒரு மாதத்துக்குள் கழற்றிப் பரணில் போட்டவர்களும் இருக்கிறார்கள். முதல் தொட்டியில் ஜோராகச் சொட்டுகிறது. கடைசித் தொட்டி வறண்டு கிடக்கிறது. குழாய்மீது பழி போடுவதில் பயனில்லை. கடைக்குப் புறப்படும் முன்பு அண்ணாந்து தண்ணீர் டாங்கைப் பார்த்திருக்க வேண்டும்.

டாங்கில் தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கும் செடி இருக்கும் இடத்துக்கும் நடுவே எத்தனை அடி உயரம்? எல்லாம் அதில்தான் இருக்கிறது. டிரிப்பர் என்னும் சொட்டுவானின்மீது மணிக்கு 2 லிட்டர், 4 லிட்டர் என்று எழுதியிருக்கும். அந்தக் கணக்கு, தண்ணீர் ஏறக்குறைய 33 அடி உயரத்திலிருந்து அழுத்தினால் வருவது. நம் டாங்க் மாடிப்படி அறையின் தலையில் உட்கார்ந்திருந்தால் மொட்டை மாடிச் செடிக்குக் கிடைப்பது 10 அடி உயரம். அப்போது 4 லிட்டர் டிரிப்பர் மணிக்கு 2 லிட்டருக்குச் சற்று மேலேதான் கொடுக்கும். டாங்க் தளத்தின் மேலேயே இருந்தால் மூன்றடிதான் தேறும். ஒன்றேகால் லிட்டர் வந்தால் அதிகம். டாங்க் காலியாகக் காலியாக அதுவும் குறையும். அதே டாங்க் கொல்லைப்புறச் செடிக்கு இருபது, இருபத்தைந்து அடி உயரத்தில் நிற்கும். வீடு ஒன்று, டாங்க் ஒன்று, ஆனால் தோட்டம் இரண்டு!

ஆகவே கடைக்காரர் "உசத்தி சரக்கு" என்று அழுத்தத்தைச் சமன் செய்யும் டிரிப்பரை நீட்டினால் மயங்கிவிடாதீர்கள். மோட்டார் வைத்த வயலுக்கு அது அருமையான பொருள்தான். ஆனால் அவற்றில் பல, 16 அடிக்கும் மேற்பட்ட உயரம் இல்லாவிட்டால் சரிவர வேலை செய்வதில்லை. மொட்டை மாடிக்கு, திறந்து கழுவக்கூடிய சாதாரண 4 லிட்டர் டிரிப்பரே போதும். 2 லிட்டர் வகையைவிட இதன் உள்வழி அகலம், அடைப்பும் குறைவு. 10 அடி உயரத்தில் அரை மணி திறந்து வைத்தால் ஒரு தொட்டிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் கிடைக்கும். 24 தொட்டிகளுக்கும் சேர்த்து 26 லிட்டர், அதாவது இரண்டு வாளிகூட இல்லை!

குழாயைப் பொறுத்தவரை 16 மில்லிமீட்டர் வாங்குங்கள். அதற்கு இணைப்புச் சாமான்கள் எளிதாகக் கிடைக்கின்றன. ஐ.எஸ். 12786 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இந்த வகைக் குழாய்க்கான இந்தியத் தர எண் அது. நிறம் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும். ஒளி புகும் குழாயில் பாசி பிடித்துவிடும். கறுப்புக்குக் காரணமான கரித்தூள், வெயிலில் குழாய் வெடிக்காமலும் காக்கிறது. குழாய்க்குள்ளேயே டிரிப்பர் பதித்து வருவதும் உண்டு. கீரைப் பாத்திக்கு அது சௌகரியம். தனித் தனித் தொட்டிகளுக்கு உதவாது, இடைவெளியில் விழுகிற தண்ணீர் மறுபடி கீழ் வீட்டுக்குத்தான் போகும்.

இனிப் பொருத்தலாம். டாங்கின் அடியில் ஒரு வால்வு, அதையடுத்து வடிகட்டி. வடிகட்டியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். குழாய்ச் சுருளை அரை மணி வெயிலில் போட்டால் இளகி நேராகப் படுக்கும். இணைப்பு நுழையவில்லையென்றால் குழாய் முனையை வெந்நீரில் நனையுங்கள்; பல்லைக் கடித்துக்கொண்டு திருக வேண்டாம். தொட்டிகளின் ஓரமாகக் குழாயை ஓட்டி, துளையிடும் கருவியால் துளை போட்டு, 4 மில்லிமீட்டர் சிறு குழாய்களைச் செருகி, நுனியில் டிரிப்பரை வைத்துச் செடியின் அடித் தண்டிலிருந்து நாலு விரற்கடை தள்ளி நிறுத்துங்கள். கடைசி முனையை மூடும் முன்பு தண்ணீரை ஒரு தரம் ஓடவிட்டு, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பிசிறை வெளியேற்றுவது அவசியம்.

பிறகு பரீட்சை. ஒரே அளவான இரண்டு டம்ளர்களை, முதல் டிரிப்பரின் கீழ் ஒன்றும் கடைசி டிரிப்பரின் கீழ் ஒன்றுமாகப் பத்து நிமிஷம் வையுங்கள். இரண்டும் ஏறத்தாழச் சமமானால் வேலை முடிந்தது. கடைசி டம்ளர் மிகவும் பின்தங்கினால் குழாயை இரண்டு கிளையாகப் பிரித்துவிடுங்கள்.

போர்த் தண்ணீர் உப்பானால் டிரிப்பர் வாயில் வெள்ளையாகப் படியும். கழற்றிக் காடி நீரில் ஊறப்போட்டால் கரையும். பஞ்சகவ்யத்தை இந்தக் குழாயில் விடாதீர்கள். அது செடிக்கு அமிர்தம், டிரிப்பருக்கு எமன். அணில்களும் தாகத்தில் குழாயைக் கடிக்கும். ஒரு மண் சட்டியில் அவற்றுக்கென்று தண்ணீர் வைத்துப் பாருங்கள்.

மண் சட்டி என்றதும் விருத்தாசலத்துக்கே திரும்பலாம். நெய்வேலியில் 1957-ல் சுரங்கம் வெட்டத் தொடங்கினார்கள். அங்கே பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடைக்கும் வெண்களிமண், பக்கத்து விருத்தாசலத்தைப் பீங்கான் ஊராக்கியது. ஊறுகாய் ஜாடி, அகல் விளக்கு, பொம்மை, மின்சார ஃபியூஸ் கட்டை எல்லாம் அங்கே சூளையிலிருந்து வருகின்றன. பீங்கான் தொழில் நுட்பம் கற்பிக்க ஓர் அரசு நிறுவனமே அந்த ஊரில் உண்டு.

ஐந்தாறு செடி மட்டும் வைத்திருப்பவர்களுக்குக் குழாயே வேண்டியதில்லை என்பேன். ஒரு மண் பானையைச் செடிக்கருகே கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி மூடினால் போதும். மண் காயும்போது பானை கசிகிறது. ஈரமாக இருந்தால் கசிவு குறைகிறது. சீன தேசத்தில் 2,000 வருஷங்களுக்கு முன்பே இதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் பளபளக்கும் பீங்கான் ஜாடியைப் புதைத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள்! அந்த மெருகு, துளைகளை எல்லாம் கண்ணாடிபோல் அடைத்துவிடுகிறது. ஊறுகாய் கசியாமல் இருப்பது எதனாலோ, அதனாலேயே செடி காய்ந்து போகும். மெருகிடாத சிவப்புப் பானைதான் வேண்டும். நீர் நிரப்பிச் சில மணி நேரத்தில் வெளிப்புறம் வியர்க்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கோடை விடுமுறைக்குப் பத்து நாள் ஊருக்குப் போகிறீர்களா? குழாய் போட்டவர்கள் பேட்டரி டைமர் ஒன்றைச் சேர்க்கலாம். அதிலும் டாங்கின் உயரத்தை மறக்க வேண்டாம். சோலனாய்டு வகை டைமர்களில் பல, அழுத்தம் இல்லாவிட்டால் திறக்கமாட்டா. பந்து வால்வு வகையாகக் கேட்டு வாங்கி, புறப்படுவதற்கு மூன்று நாள் முன்னதாகவே மாட்டி, ஓடுகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு ரயிலேறுங்கள். ஐப்பசி மழை பிடித்ததும் டைமரை நிறுத்தி, முனை மூடியைக் கழற்றிக் குழாயை வடியவிட்டு, வடிகட்டியைக் கழுவி வையுங்கள்.