ஆறாத சுளுக்கும் கணுக்கால் சத்திரசிகிச்சையும்

வரம்பிலே கால் பிசகுவதும் படியிலே பாதம் மடங்குவதும் நாம் எல்லோரும் அறிந்தவையே. சுற்றிக் கட்டிச் சில நாள் ஆறியிருந்தால் பெரும்பாலும் சுகமாகிவிடும். ஆனால், சிலருக்கு மாதங்கள் சென்றும் மூட்டின் ஆழத்தில் நோவு நிற்கும், நடந்தால் வீங்கும், சில வேளை மூட்டு இறுகிப் பிடிக்கும். "பழைய சுளுக்கு" என்று நாம் இதனை விட்டுவிடுகிறோம். உள்ளே வேறொரு காயம் இருக்கலாம்.

கீழ்க்கால் என்புகளுக்கும் குதிகால் என்புக்கும் நடுவே ஒரு சிறிய என்பு உண்டு. வைத்தியர்கள் இதனைத் தாலஸ் என்பர். உடற்பாரம் இதன் வழியாகவே பாதத்துக்கு இறங்குகிறது. இதன் மேற்பரப்பின் பெரும்பகுதியை வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அதன் தடிப்பு ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிமீற்றர் மட்டுமே. அதற்கு இரத்தக் குழாய்கள் இல்லை. ஆகவே தோற்காயம் போல அது தானாக ஆறுவதில்லை. இலண்டனில் பணியாற்றிய வில்லியம் ஹண்டர் என்ற வைத்தியர் 1743 இலேயே இதனைக் குறித்து எழுதினார்.

பாதம் மடங்கும்போது தாலஸ் மேலுள்ள என்புடன் மோதுகிறது. அப்போது குருத்தெலும்பும் அதன் அடியிலுள்ள என்பும் நசுங்கலாம். ஒரு துண்டு பெயர்ந்தும் விடலாம். சாதாரண எக்ஸ்ரே படத்தில் இது தெரியாமற் போவதுண்டு, எம்.ஆர்.ஐ. படம் தெளிவாகக் காட்டும்.

எல்லோருக்கும் சத்திரசிகிச்சை வேண்டியதில்லை. துண்டு இடம் மாறாதிருந்தால், சிறப்பாக வளரும் பிள்ளைகளுக்கு, ஓய்வும் கட்டும் போதுமாகலாம். அதனால் குணமாகாதபோது காயத்தின் அளவைப் பார்த்தே முறை தெரிவு செய்யப்படுகிறது.

காயம் சிறிதானால், சிறு துவாரங்கள் வழியே கமராவும் கருவிகளும் செலுத்தி, சிதைந்த பகுதியை அகற்றுவர். பின் அடியிலுள்ள என்பில் 3 முதல் 4 மில்லிமீற்றர் இடைவெளியில் நுண்ணிய துளைகள் இடுவர். என்பு மச்சையிலிருந்து கசியும் இரத்தம் உறைந்து, காலப்போக்கில் புதிய இழையமாகிறது. இது நார்த்தன்மையானது, பழைய குருத்தெலும்பின் உறுதி இதற்கு இல்லை. என்புடன் பெயர்ந்த நல்ல துண்டு பெரிதாயிருந்தால், அதனை மீண்டும் பொருத்தித் திருகாணியால் இறுக்கலாம்.

காயம் 10 முதல் 15 மில்லிமீற்றருக்கு மேற்பட்டால், முழங்காலில் பாரம் குறைந்த இடத்திலிருந்து குருத்தெலும்புடன் கூடிய என்புத் துண்டுகளை எடுத்து நடுவதுண்டு. இம்முறையை 1990 களில் வளர்த்தவர்களில் ஹங்கேரி நாட்டு வைத்தியர் ஹங்கோடி குறிப்பிடத்தக்கவர். காயத்தை எட்டுவதற்காக உட்பக்கக் கணுவின் என்பை வெட்டித் திறந்து, பின்னர் திருகாணியால் பொருத்தவும் நேரிடலாம்.

ஆயினும், சத்திரசிகிச்சையுடன் வேலை முடிவதில்லை. புதிய இழையம் பிடிக்கும்வரை, பொதுவாகச் சில வாரங்களுக்கு, ஊன்றுகோலுடன் நடக்கவேண்டும். வைத்தியர் சொன்னபடி பாரமின்றி மூட்டை அசைக்கவும் வேண்டும். அவசரப்பட்டுப் பாரம் ஏற்றினால் செய்த சிகிச்சை வீணாகலாம். நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு இது இலேசான காரியமன்று. எனவே திகதி குறிக்குமுன்பே மூன்றைக் கேட்டறிவோம்: காயம் எவ்வளவு பெரிது? எந்த முறை? எத்தனை வாரம் கால் ஊன்றக்கூடாது? அந்த வாரங்களில் வயலையும் வீட்டையும் யார் பார்ப்பது என்பதையும் முன்கூட்டியே தீர்மானிப்போம்.

சுளுக்கி ஆறு வாரமாகியும் நோவு குறையாவிட்டால், உருவுவதை நிறுத்தி வைத்தியசாலைக்குச் செல்வோம்.