முரடு என்பது வசைச் சொல்லா?

நம் சங்க மலரில் ஆண்டுதோறும் இலக்கணம், கல்வெட்டு, கோயில் என்று கற்றறிந்தவர்கள் எழுதுகிறார்கள். அடியேன் கல்லூரி வாசலை மிதிக்காத பட்டு நூல் வியாபாரி. ஆரணிப் பக்கத்திலிருந்து கச்சாப் பட்டு வாங்க கொள்ளேகாலுக்கு வந்தவன், இங்கேயே தங்கிவிட்டேன். கடையில் ஆள் வராத நேரத்தில் அகராதி புரட்டுவதே என் கல்வி. அந்த உரிமையில் ஒரே ஒரு சொல்லைப் பற்றி எழுதுகிறேன்.

போன விடுமுறைக்கு வந்த பேரன் ஒரு சினிமா நடிகரைக் காட்டி, "இவர் சாக்லேட் பாய் இல்லை தாத்தா, ரக்கட் பாய்" என்றான். "ரக்கட்னா என்னடா?" என்றேன். "முரடு தாத்தா" என்றான். தலையாட்டிவிட்டேன். ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை. முரடு என்ற சொல்லுக்கு நான் ஒரு பழைய கடன் பாக்கி வைத்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்ப்போம். வாயால் சொல்லும்போது அது 'ரகிட்' என இரண்டு அசையாக ஒலிக்கும். தரையில் விரிக்கும் கம்பளத்துக்கு 'ரக்' என்கிறார்களே, அதன் உறவுக்காரச் சொல் இது. ஸ்காண்டிநேவிய மொழிகளிலிருந்து வந்தது என்பர். முதற்பொருள் சடைசடையாக மயிர் தொங்குவது. ஷேக்ஸ்பியர் தம் 'மாக்பெத்' நாடகத்தில் இச்சொல்லைக் கரடிக்கு அடைமொழியாக வைத்திருக்கிறார். பிறகு மேடுபள்ளமான நிலத்துக்கும், கடுமையான முகத்துக்கும் ஆகி வந்தது. திடகாத்திரமானவன், எதையும் தாங்குபவன் என்ற புகழ்ச்சிப் பொருள் அமெரிக்காவில்தான் ஓங்கியது. 1928 அக்டோபரில் ஹெர்பர்ட் ஹூவர் நியூயார்க் தேர்தல் கூட்டத்தில், பிறர் கையை எதிர்பாராமல் தன் காலில் நிற்கும் மனிதனின் இயல்பை இச்சொல்லால் பாராட்டினார். மறு ஆண்டே பங்குச் சந்தை சரிந்து லட்சக்கணக்கானோர் வேலை இழந்தபோது, அதே சொற்றொடரை வைத்து அவரைக் கேலி செய்தார்கள். புகழ்ச்சிக்கும் இகழ்ச்சிக்கும் நடுவே ஒரு நூலிழைதான்!

ரஃப், டஃப், ரக்கட் மூன்றும் ஒன்று என்று நம்மவர் நினைக்கிறார்கள். ஜவுளிக்காரன் கணக்கில் சொல்கிறேன். பட்டு நூல் இழுத்தால் எளிதில் அறாது, ஆகவே டஃப். ஆனால் தடவினால் வழவழப்பு, ரஃப் இல்லை. கோணிச் சாக்கு ரஃப். ஆனால் ஈரத்தில் கிடந்தால் மக்கிப்போகும், டஃப் இல்லை. கித்தான் துணி கைக்கும் சொரசொரப்பு, வெயில் மழைக்கும் தாங்கும். அதுதான் ரக்கட். மேலே கரடு, உள்ளே உறுதி, இரண்டும் சேர வேண்டும். கீழே விழுந்தாலும் உடையாத செல்போனை அப்படி அழைப்பதும் இதனால்தான். ஓர் எழுத்து மாறி 'ராகிட்' என்றால் கந்தல் என்று பொருள்; பிள்ளைகள் கடிதம் எழுதும்போது கவனம் தேவை.

இனி என் கடன். 1990 வாக்கில் எங்கள் முறுக்குப் பட்டறையில் ஒரு பையன் இருந்தான். மூட்டை தூக்குவான், இரவெல்லாம் எந்திரம் ஓட்டுவான், பேச்சு மட்டும் வெட்டொன்று துண்டு இரண்டு. அவனுக்குப் பெண் கொடுக்க எண்ணி சேலம் பக்கத்திலிருந்து ஒருவர் விசாரிக்க வந்தார். "பையன் எப்படிங்க?" என்றார். நான் பாராட்டுவதாக நினைத்து, "கொஞ்சம் முரடுங்க, ஆனா எதையும் தாங்குவான்" என்றேன். அவர் காதில் முன்பாதிதான் விழுந்தது. பெண்ணைப் பெற்றவர் அல்லவா, அடிக்கிற கை என்று எண்ணிவிட்டார். காபியைக்கூட முழுதும் குடிக்காமல் எழுந்து போனார். சம்பந்தம் முறிந்தது. காரணம் பையனுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

குற்றம் சொல்லின் மேலா, சொன்னவன் மேலா? கச்சாப் பட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். விறைப்பாக, சொரசொரப்பாக இருக்கும். காரணம் புழு சுரந்த கோந்து. எடையில் நாலில் ஒரு பங்கு வரை அதுதான். இழை எடுத்து முறுக்கேற்றும்வரை நூலைக் காப்பதும் அதே கோந்துதான். சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்த பிறகே பளபளப்பு வெளிவரும். பட்டின் முரடு பட்டின் குற்றமில்லை, அதன் கவசம்.

தமிழில் இதற்குச் சரியான சொற்கள் இல்லாமல் இல்லை. நிலத்துக்குக் கரடுமுரடு. மாதேஸ்வரன் மலைக்குப் போகும் வழியைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். துணிக்கு முரட்டுத் துணி. உழைத்த கைக்குக் காய்த்த கை. உள்ளத்துக்குத் திண்மை, வள்ளுவர் வினைத்திட்பம் என்று ஓர் அதிகாரமே வைத்தார். ஆளுக்கு, 'வைரம் பாய்ந்த கட்டை' என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதுதான் அச்சொல்லுக்கு நேர். கன்னடத்தாரும் முரடனை 'ஒரட்ட' என்றும், திறமும் துணிவும் உள்ளவனை 'கட்டிக' என்றும் வேறுபடுத்துகிறார்கள். நம் 'கெட்டி'க்கு அது சொந்தம். 1956 நவம்பர் 1 வரை கோவை மாவட்டத்தில் இருந்த ஊர் இது; சொற்களும் எல்லை பார்க்காமல் புழங்குகின்றன.

இன்னொன்று. நன்னூல் தந்த பவணந்தி முனிவரை ஆதரித்தவன் சீயகங்கன், இந்தக் கன்னட நாட்டுக் கங்கர் குடியினன். அந்நூல் வகுத்தபடி பார்த்தால், 'தமிழ்' என்ற சொல்லில் வல்லினம், மெல்லினம், இடையினம் மூன்றும் உண்டு என்று பெருமை பேசுகிறோம். 'முரடு' என்பதிலும் மு மெல்லினம், ர இடையினம், டு வல்லினம். முரட்டுக்குள்ளும் மென்மை இருக்கத்தான் செய்கிறது!

அந்தப் பையன் பின்னர் வேறிடத்தில் மணம் செய்து, சொந்தப் பட்டறை வைத்து, இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார். நம் சங்க விழாவுக்கும் வருவார், இம்மலரையும் வாங்குவார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை இங்கே எழுதிவிட்டேன். வரன் விசாரிக்க உங்களிடம் யாரேனும் வந்தால், அன்பர்களே, ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். 'ஆனா'வுக்குப் பின்னால் உள்ளதை முதலில் சொல்லுங்கள்.