ராஜபாளையத்துக்குள் ஒரு பனைமரம்

ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் ஸ்ரீவில்லிபுத்தூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். கூட வரும் பிள்ளைகள் "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று நச்சரிக்கத் தொடங்கும் முன், ஒரு தாளில் ராஜபாளையத்தை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். ஆர்-ஏ-ஜே-ஏ-பி-ஏ-எல்-ஏ-ஒய்-ஏ-எம். மொத்தம் 11 எழுத்து, அதில் ஒன்று விட்டு ஒன்று 'ஏ'. இந்த எழுத்துகளை மட்டும் வைத்து என்னென்ன ஆங்கிலச் சொல் வரும்?

ராஜா உடனே வந்துவிடும். பிறகு ஜாம், பிளே, லாம்ப், ஆர்மி. கொஞ்சம் யோசித்தால் பைஜாமா. அதற்குள் ஒருவர் 'பப்பாயா' என்பார், இன்னொருவர் 'மலையாளம்' என்பார். இரண்டும் செல்லாது. பப்பாயாவுக்கு 'பி' இரண்டு வேண்டும், ஊர்ப்பெயரில் இருப்பது ஒன்று. மலையாளத்துக்கு 'எம்' இரண்டு, 'எல்' இரண்டு. எந்தெந்த எழுத்து இருக்கிறது என்று பார்த்தால் போதாது, எத்தனை இருக்கிறது என்றும் எண்ண வேண்டும். கணினி செய்வதும் இதைத்தான்: ஏ 5, மற்ற ஆறும் ஒவ்வொன்று என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு, அகராதியின் ஒவ்வொரு சொல்லையும் அதோடு ஒப்பிடும். ஒரு எழுத்து கூடினாலும் அந்தச் சொல்லைத் தள்ளிவிடும்.

எழுத்து விளையாட்டுகளில் மூன்று வகைக் கேள்விகள் உண்டு. கையில் உள்ள எழுத்துகளால் மட்டும் சொல் அமைப்பது ஒன்று. ஸ்கிராபிள் பெரும்பாலும் இது. குறிப்பிட்ட எழுத்துகள் உள்ளே இருக்க வேண்டும், மற்றவை எதுவானாலும் சரி என்பது இரண்டாவது. 'ஜே', 'ஒய்' இரண்டும் வேண்டும் என்றால் என்ஜாய், ஜெல்லி, மெஜாரிட்டி எல்லாம் வரும். எந்த இடத்தில் எந்த எழுத்து என்று தெரிந்து, மிச்சத்தைக் கண்டுபிடிப்பது மூன்றாவது. குறுக்கெழுத்தும் 'வேர்டில்' (Wordle) விளையாட்டும் அப்படி. இணையத்தில் சொல் தேடுகிறவர்களில் பாதிப் பேர் முதல் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு இரண்டாவதைத் தட்டச்சு செய்துவிட்டு, ஆயிரக்கணக்கில் வந்து விழும் சொற்களைப் பார்த்து விழிக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

தமிழில் படித்தவர்களுக்கு முதல் வகையில் ஒரு சின்னத் தடை. நமக்கு ரா-ஜ-பா-ளை-ய-ம் ஆறே எழுத்து. 'பா' என்பதை இரண்டாகப் பிளந்து பார்க்க மனம் சட்டென்று ஒப்பாது. இன்னொன்று, நாம் காதால் தேடுகிறோம். 'பாம்' என்று சொல்லிப் பார்த்தால் அதில் 'எல்' இருப்பதே தெரியாது, எழுதினால் பி-ஏ-எல்-எம். அதன் வாலில் மிச்சமுள்ள 'ஒய்', 'ஆர்', 'ஏ' மூன்றையும் ஒட்டுங்கள். பல்மைரா! நம் பனைமரம், தமிழ்நாட்டின் மாநில மரம், ராஜபாளையத்துக்குள் நின்றுகொண்டிருக்கிறது. போர்ச்சுகீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல் அது. ஸ்கிராபிளில் கையிலுள்ள ஏழு எழுத்தையும் ஒரே முறையில் இறக்கினால் 50 புள்ளி கூடுதல். பல்மைராவின் எழுத்து மதிப்பு 14, ஆக 64. கட்டங்களில் கிடைக்கும் மடங்கு தனி.

அந்த மதிப்புகளைப் போட்டவர் ஆல்பிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை போனபோது, நாளிதழின் முதல் பக்கத்தில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி விளையாட்டை வடிவமைத்தார். 100 வில்லைகளில் 'இ' மட்டும் 12. 'எஸ்' நான்கே, எல்லாச் சொல்லையும் பன்மையாக்கித் தப்பித்துவிடக் கூடாதல்லவா? இப்போது நம் ஊர்களைப் பாருங்கள்: ராஜபாளையத்திலும் 'இ' இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இல்லை. 'என்', 'ஜி' இரண்டும் இல்லை. அதனால் 'இ-டி', 'இ-ஆர்', 'இங்' என்று வழக்கமாக வால் பிடித்துத் தேடுகிற வழி இரண்டு ஊரிலும் அடைபட்டுவிடுகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் 14 எழுத்து: எஸ்-ஆர்-ஐ-வி-ஐ-எல்-எல்-ஐ-பி-யு-டி-எச்-யு-ஆர். 'ஏ' ஒன்றுகூட இல்லை. ஆனால் 'எஸ்' இருக்கிறது, அது துருப்புச் சீட்டு. டியூலிப் கிடைத்தால் டியூலிப்ஸும் கிடைத்த மாதிரி. ஸ்பிரிட், வைரஸ், திரில், அப்ஹில் எல்லாம் வரும். ஏழெழுத்தில் பர்சூட். இதிலும் ஒரு வில்லங்கம்: சிலர் 'எச்' இல்லாமல் இரண்டு 'டி' போட்டு எழுதுவார்கள். அப்போது திரில், அப்ஹில் இரண்டும் போய்விடும், பர்சூட் தப்பிக்கும். எந்த எழுத்துக்கூட்டல் என்று ஆட்டத்துக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பால்கோவா கடை வாசலில் பஞ்சாயத்து வைக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது வகைக்கு, அதாவது இடம் தெரிந்த எழுத்துக்கு, ஒன்லுக் போன்ற இணைய அகராதிகளில் தெரியாத எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி போட வேண்டும். எத்தனை எழுத்து என்றே தெரியாவிட்டால் நட்சத்திரக்குறி. புதுமையாகத் தோன்றலாம். ஆனால் இரண்டாம் எழுத்தை வைத்துச் சொல் தேடும் வசதி நம்மிடம் பல நூற்றாண்டுகளாக உண்டு. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டில் 11ஆம் தொகுதி எதுகை வரிசையில் அமைந்தது: இரண்டாம் எழுத்து ககரமாக வருபவை ஒரு பக்கம், சகரமாக வருபவை இன்னொரு பக்கம். செய்யுள் எழுத உட்கார்ந்தவருக்கு எதுகைதானே முதல் தலைவலி? முதலெழுத்து வரிசை பிறகுதான் வந்தது, சிதம்பர ரேவண சித்தரின் அகராதி நிகண்டில், 1594இல்.

கடைசி எழுத்தை வைத்தும் ஒரு சுற்று ஆடலாம். 'ஜே'யில் முடியும் ஆங்கிலச் சொல் எது என்று கேளுங்கள். ஆங்கிலப் பிறப்பில் ஒன்றும் அகப்படாது. அகராதியில் இருப்பவை ராஜ், தாஜ், ஹஜ், ஸ்வராஜ் என்று கிழக்கிலிருந்து போய்ச் சேர்ந்தவை. அதில் முதலாவது, பஸ் ஏறிய ஊரின் முதல் மூன்று எழுத்து.