அப்பா இவரை எப்படிக் கூப்பிடுவார்?

கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் நலம் விசாரிக்கிறார். அவர் என்ன முறை? அப்பா அவரை எப்படிக் கூப்பிடுவார் என்று கேட்டால் போதும். அண்ணன் என்றால் பெரியப்பா; மச்சான் என்றால் மாமா.

அண்ணன் தம்பி பிள்ளைகள் தமக்குள் உடன்பிறந்த முறை. அக்கா தங்கை பிள்ளைகளும் அப்படியே. அண்ணன் பிள்ளைகளும் தங்கை பிள்ளைகளும்தான் கொண்டு கொடுக்கும் முறை. கொள்ளுத்தாத்தா வழி வந்தவர்களுக்கும் இதே கணக்குதான்.

அமெரிக்க மானுடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன், 1871இல் வெளியான நூலில், தமிழர் உறவுமுறையைத் தம் நாட்டுச் செனகா பழங்குடியினரின் முறையோடு ஒப்பிட்டு வியந்தார்.

தாத்தா பெயரே பேரனுக்கும் வருவதுண்டு என்பதால், உறவினர்களைப் பெயரால் மட்டும் குறித்தால் குழப்பும். பாட்டியிடம் கேட்டு, பெயரோடு ஊரையும் பெற்றோரையும் இன்றே எழுதிவையுங்கள்.