55 வயதுக்குப் பிறகு கனடியக் குடியுரிமை: பரீட்சை இல்லை, நாள் கணக்கு உண்டு

“எனக்கு இங்கிலிஷ் வராது, அந்தச் சோதினை எல்லாம் இனி என்னாலை ஏலாது.” கனடாவில் பல வருடமாக நிரந்தர வதிவிட (பி.ஆர்.) உரிமையோடு வாழும் அம்மம்மாமாரும் அப்பப்பாமாரும் குடியுரிமைப் பேச்சை இப்படித்தான் முடித்துவிடுகிறார்கள். பிள்ளைகளும் அதற்குமேல் வற்புறுத்துவதில்லை. ஆனால் அவர்கள் அஞ்சும் அந்தச் சோதனை அவர்களுக்குக் கிடையவே கிடையாது. 2017 ஒக்டோபர் 11 முதல் குடியுரிமைப் பரீட்சையும் மொழித் தகுதிச் சான்றும் 18 முதல் 54 வயது வரையானவர்களுக்கு மட்டுமே. அதற்கு முன் 64 வயது வரை எழுத வேண்டியிருந்தது. அந்தப் பழைய விதிதான் பலர் மனதில் இன்னும் நிற்கிறது.

விண்ணப்பத்தில் கையெழுத்திடும் நாளில் என்ன வயது என்பதே கணக்கு. 55 ஆக இரண்டு மாதம்தான் இருக்கிறதென்றால், பொறுத்திருந்து கையெழுத்திடுவது புத்திசாலித்தனம். இந்த விலக்குக்குத் தனியாக மனுப் போடத் தேவையில்லை. பிறந்த திகதியே போதும். 55 ஆகாதவர் கடும் நோயாலோ மறதி நோயாலோ பரீட்சை எழுத முடியாத நிலையில் இருந்தால், மருத்துவர் நிரப்பித் தரும் படிவத்தோடு விலக்குக் கேட்கலாம்.

நாள்களை எண்ணுங்கள்

பரீட்சைக்குத்தான் விலக்கு, கனடாவில் வாழ்ந்த நாள்களுக்கு இல்லை. கையெழுத்திடுவதற்கு முந்தைய 5 வருடத்தில் 1,095 நாள்கள் கனடாவுக்குள் இருந்திருக்க வேண்டும். வயது போனவர்களின் விண்ணப்பம் பெரும்பாலும் இடறுவது இங்கேதான்.

ஒருவர் ஒவ்வொரு மாரிக்கும் குளிருக்குத் தப்பி 150 நாள் ஊரில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்குக் கனடாவில் 215 நாள். 5 வருடத்துக்கு 1,075. பி.ஆர். கார்டைப் புதுப்பிக்க 5 வருடத்தில் 730 நாள் போதும் என்பதால், அவருக்கு அதில் ஒரு சிக்கலும் வந்திருக்காது. குடியுரிமைக்கோ 20 நாள் குறைகிறது. அந்த ஒரு காரணமே விண்ணப்பத்தை நிராகரிக்கப் போதும்.

புறப்பட்ட நாளும் திரும்பிய நாளும் கனடாவில் இருந்த நாள்களாகவே எண்ணப்படும். நிரந்தர வதிவிடம் கிடைக்குமுன் பெற்றோருக்கான வருகை விசாவான சுப்பர் விசாவிலோ, ஏற்றுக்கொள்ளப்பட்ட அகதியாகவோ இருந்த காலத்தில் ஒரு நாளுக்கு அரை நாள் வீதம், அதிகபட்சம் 365 நாள் வரை சேர்த்துக்கொள்ளலாம். 420 நாள் சுப்பர் விசாவில் இருந்தவருக்கு அதிலிருந்து 210 நாள் கிடைக்கும். மீதி 885 நாளைப் பி.ஆர். ஆக இருந்து நிரப்ப வேண்டும். அந்த 420 நாளும் இதே 5 வருடத்துக்குள் வந்திருக்க வேண்டும் என்பதை மறக்கவேண்டாம்.

குடிவரவுத் திணைக்களத்தின் இணையதளத்தில் இதற்கென்றே ஒரு கணிப்பான் இருக்கிறது. ஞாபகத்தை நம்பி நிரப்பாமல், கடவுச்சீட்டை விரித்து வைத்து, ஒவ்வொரு முத்திரையாகப் பார்த்துத் திகதிகளை இடுங்கள். காலாவதியான பழைய கடவுச்சீட்டையும் எடுத்து வையுங்கள்; அந்த 5 வருடத்துக்குரிய எல்லாப் பக்கங்களின் பிரதிகளும், வெறும் பக்கங்கள் உட்பட, கேட்கப்படும். 1,095ஐத் தொட்ட மறுநாளே அனுப்பாமல், சில வாரங்கள் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டு விண்ணப்பிப்பது பாதுகாப்பு.

கடந்த 4 வருடத்தில் வேறொரு நாட்டில் தொடர்ந்து 183 நாளோ அதற்கு மேலோ நின்றிருந்தால், அந்த நாட்டின் பொலிஸ் சான்றிதழ் வேண்டும். வருமான வரிச் சட்டப்படி படிவம் தாக்கல் செய்யக் கடமைப்பட்டவர்கள், 5 வருடத்தில் 3 வருடத்துக்காவது அதைச் செய்திருக்க வேண்டும். கட்டணத்தில் முதியோருக்குச் சலுகை இல்லை. எல்லா வயதுவந்தவர்களையும் போல ஏறத்தாழ 650 டொலர். நிராகரிக்கப்பட்டால் அதில் ஒரு சிறு பகுதிதான் திரும்பி வரும்.

நேர்காணலும் சத்தியப்பிரமாணமும்

அதிகாரி மூலப் பத்திரங்களைப் பார்க்க நேர்காணலுக்கு அழைக்கலாம். 55 கடந்தவர்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிச்செல்லலாம். சத்தியப்பிரமாணத்துக்கு வயது விலக்கு இல்லை. ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ சொல்ல வேண்டும். நடத்துபவர் சொல்லச்சொல்லத் திருப்பிச் சொல்வதுதான் முறை, மனப்பாடம் செய்யத் தேவையில்லை. காது கேளாமை, நடமாட முடியாமை போன்றவை இருந்தால் முன்கூட்டியே எழுதி வசதி கேளுங்கள்.

பலர் மாட்டிக்கொள்வது இதற்குப் பிறகுதான். சத்தியம் செய்த கணத்தோடு பி.ஆர். கார்ட் செல்லாது. குடியுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்த பின்னரே கனடியக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். இந்த இடைவெளியில் ஊரில் கலியாணம் என்று ரிக்கற் போட்டு வைத்தால் பயணம் தடைப்படும். கனடியக் கடவுச்சீட்டு கைக்கு வரும்வரை ரிக்கற் எடுக்கவேண்டாம்.

அகதியாக ஏற்கப்பட்டவர்கள் கவனிக்க

நிரந்தர வதிவிட உரிமை பெயரளவில்தான் நிரந்தரம். கனடாவில் அகதியாக ஏற்கப்பட்டு அதன்வழி பி.ஆர். ஆனவர், பின்னாளில் தன் நாட்டுக் கடவுச்சீட்டை எடுத்து அங்கு போய்வந்தால், பாதுகாப்பை அவர் தானாகவே கைவிட்டுவிட்டார் என்று அரசு வாதிடலாம். 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டமாற்றத்தின்படி, அந்த வாதம் வென்றால் அகதிப் பாதுகாப்போடு பி.ஆர். உரிமையும் பறிபோகும். எத்தனை வருடம் இங்கே வாழ்ந்தார் என்பது அவரைக் காக்காது. குடியுரிமை பெற்றவர் மீது இந்த நடவடிக்கையை எடுக்க முடியாது.

தாயின் செத்தவீட்டுக்கென்று யாழ்ப்பாணம் போய்வந்தவர்கள் பலர் இந்த ஆபத்தை அறியாமலே இருக்கிறார்கள். அப்படிப் போய்வந்தவர், விண்ணப்பத்தை அனுப்புமுன் கட்டாயம் ஒரு குடிவரவுச் சட்டத்தரணியைப் பார்க்க வேண்டும். பயணத் திகதிகளும் கடவுச்சீட்டுப் பக்கங்களும் அந்த விண்ணப்பத்தோடுதான் அதிகாரியின் கைக்குப் போகின்றன. பிள்ளைகள் ஸ்பொன்சர் செய்து வந்த பெற்றோருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

எது மாறும், எது மாறாது

குடியுரிமை கிடைத்தால் வாக்குரிமை வரும். ஊரில் எத்தனை மாதம் நின்றாலும் திரும்பி வரும் உரிமை போகாது. முதியோர் ஓய்வூதியத்துக்கோ குடியுரிமை தேவையில்லை. 18 வயதுக்குப் பின் கனடாவில் 10 வருடம் வாழ்ந்த சட்டபூர்வ வதிவாளரும் 65 வயதில் அதற்குத் தகுதி பெறுவார். ஸ்பொன்சர் செய்த பிள்ளைகளின் 20 வருடப் பொறுப்பு (கியூபெக்கில் 10 வருடம்), பெற்றோர் குடியுரிமை பெற்றாலும் முடிவதில்லை. மத்திய அரசு நிதியில் நடக்கும் புதுக்குடிவரவாளர் ஆங்கில வகுப்பு குடியுரிமையோடு நின்றுவிடும்.

கனடா இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது. இந்தியா ஏற்பதில்லை: சத்தியம் செய்ததும் இந்தியக் குடியுரிமை சட்டப்படி தானாகவே நீங்கும், கடவுச்சீட்டை ஒப்படைக்கவேண்டும். விரும்பினால் வெளிநாட்டு இந்தியருக்கான ஓ.சி.ஐ. அட்டை பெறலாம். அதை வைத்துக்கொண்டு இந்தியாவில் வாக்களிக்கவோ விவசாய நிலம் வாங்கவோ முடியாது. இலங்கைக் குடியுரிமையும் இயல்பாகத் தொடராது. ஆனால் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், 55 வயதைக் கடந்திருப்பதே அதற்கு ஒரு தகுதி. வெளிநாட்டவர் காணி வாங்குவதை இலங்கையின் 2014ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. காணி அலுவல் பாக்கி இருப்பவர்கள் அங்குள்ள சட்டத்தரணியிடம் முதலில் பேசுங்கள்.

யாரிடம் கொடுப்பது?

பணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை தரவும் உங்கள் சார்பில் பேசவும் சட்டத்தரணிகள், ஒன்ராறியோவில் உரிமம் பெற்ற பராலீகல்கள், கியூபெக் நொத்தாரிசுகள், குடிவரவு மற்றும் குடியுரிமை ஆலோசகர் கல்லூரியில் பதிந்தவர்கள் ஆகியோருக்கு மட்டுமே அனுமதி. பதிவு உண்மையா என்று கல்லூரியின் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். மகளோ மருமகனோ இலவசமாக நிரப்பித் தரலாம். திணைக்களத்தோடு அவர்களே பேசுவதானால் பிரதிநிதிப் படிவம் ஒன்றையும் இணைக்க வேண்டும்.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். “இரண்டு பயணத்தை விட்டால் நாள் சரியாகும்” என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பொய்த் தகவல் கொடுத்தால் 5 வருடம் விண்ணப்பிக்க முடியாது. வழக்குத் தொடர்ந்தால் அபராதமும் சிறையும் உண்டு. பெற்ற குடியுரிமையும் பின்னால் பறிக்கப்படலாம். போனில் மிரட்டிக் கிஃப்ட் கார்ட் கேட்பவர் திணைக்களத்து ஆள் அல்லர், போனை வையுங்கள்.

நிராகரித்தால்

கடிதம் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் மத்திய நீதிமன்றத்தில் மீளாய்வுக்கு அனுமதி கேட்கலாம். நாள் குறைந்ததுதான் காரணம் என்றால் நீதிமன்றம் போவதில் பலனில்லை. குறைந்த நாள்களை இங்கேயே இருந்து நிரப்பிவிட்டு மீண்டும் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். எத்தனை முறையும் விண்ணப்பிக்கத் தடை இல்லை. பயணத் திகதிகளைக் கணிப்பானில் இட்டுப் பார்க்கக் காசு வேண்டியதில்லை. அடுத்த பயணத்துக்கு ரிக்கற் எடுக்குமுன் அதைச் செய்துவிடுங்கள்.